சொல்லாத பெயருக்கு ஒரு புள்ளி

கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள், "மூளை தேயும் நோயையும் ஓமோன்களையும் பற்றி ஆராய்ச்சி செய்தவர்" என்று சொல்லும்போது நான் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்வேன். அடக்கம் என்று நினைப்பார்கள். அடக்கமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அந்த வசனம் காதில் விழுந்தவுடன் உரும்பிராயில் ஒரு கிடுகு வேலியும், அதில் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து விட்டிருந்த பொட்டும், மண்ணெண்ணெய்க் கலனோடு அந்தப் பொட்டுக்குள்ளால் குனிந்து வரும் ஒரு மனிதரும் எனக்குத் தெரிவார்கள். அவருக்கு நான் செய்ததை யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால், "அது சண்டைக் காலம், நீங்கள் என்ன செய்திருக்க முடியும்" என்று ஆறுதல் சொல்லுவார்கள். எல்லோரும் ஊரைவிட்டு ஓடுவதற்கு முன்னால் எனக்கு முழுதாக மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இரண்டு வருடம் பயிற்சி முடித்து, தொண்ணூற்றிரண்டின் கடைசியில் யாழ்ப்பாணம் திரும்பினேன். சனம் வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்தபோது வள்ளத்தில் ஏறி உள்ளே வந்த ஒரே பைத்தியம் நீதான் என்று அக்கா திட்டினாள். உரும்பிராயில் அவளுடைய வீட்டில்தான் இருந்தேன். பகலில் மருத்துவ பீடத்தில் விரிவுரை. மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சி.

ஆராய்ச்சியின் கேள்வி சிறியது. வயது போகப் போகச் சிலருடைய மூளை தேய்கிறது. முதலில் பெயர்கள் போகும், பிறகு வழி போகும், கடைசியில் வாயில் வைத்த சோற்றை விழுங்கவே மறந்துபோகும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் உடம்பில் ஒரு ஓமோன் சட்டென்று குறைகிறது. இந்தக் குறைவுக்கும் அந்தத் தேய்வுக்கும் தொடர்பு உண்டா? இதைப் பார்க்க, மறதி நோய் வந்த பெண்கள் ஒரு பக்கம் வேண்டும். அதே வயதில் நல்ல நினைவோடு இருக்கிற பெண்கள் மறுபக்கம் வேண்டும். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளி போட்டு, இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். மின்சாரமே இல்லாத குடாநாட்டில் அதைச் செய்து பார்த்தால் தெரியும். கரவெட்டிக்கும் அச்சுவேலிக்கும் சைக்கிளில் போவேன். எடுத்த இரத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையால் சுற்றுகிற ஒரு சிறிய இயந்திரத்தில் வைத்துத் தோள்மூட்டு கழன்று விழும்வரை சுற்றுவேன். சிவப்பு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை உறிஞ்சிக் கண்ணாடிக் குழாய்களில் விட்டு, பிளாஸ்டரில் இலக்கம் எழுதி ஒட்டுவேன். அக்காவின் குசினி மூலையில் மண்ணெண்ணெயில் வேலை செய்யும் பழைய பிரிட்ஜ் ஒன்று நின்றது. அடியில் திரி எரிய மேலே ஐஸ் பிடிக்கும். அதன் ஐஸ் பெட்டிக்குள்தான் என் குழாய்கள் இருந்தன. அக்கா தன் தயிர்ச் சட்டியை உள்ளே வைக்கக் கேட்டால் சண்டை பிடிப்பேன்.

யாருடைய இரத்தம் எந்த இலக்கம் என்பது ஒரு தனிக் கொப்பியில் மட்டும் இருக்கும். எல்லோரையும் பதிந்து முடித்த பிறகு, ஆராய்ச்சி முடியும்வரை அதைத் திறக்கக் கூடாது. ஆளைத் தெரிந்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அந்தக் கொப்பி என் கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டியில் இருந்தது.

இனிக் கேள்விகள். இன்றைக்கு என்ன திகதி, இது எந்த ஊர், இப்போது சொன்ன மூன்று பொருளைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஒரு வரிசை. வெளிநாட்டுப் பேராசிரியர் தந்த அந்த வரிசையில் ஏழாவது கேள்வி: உங்கள் கணவரின் பெயர் என்ன? எங்கள் கிராமத்துப் பெண்களிடம் போய் இதைக் கேட்டால் என்ன நடக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புருஷன் பெயரை வாயால் சொல்லாத மனுசிகளிடையே பிறந்து வளர்ந்தவள் நான். கரவெட்டியில் ஒருவர் கோயில் இருந்த திசையைக் கையால் காட்டி, "உதிலை இருக்கிறவற்றை பேர்தான்" என்றார். அச்சுவேலியில் இன்னொருவர் பேரனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். நினைவு கண்ணாடி மாதிரி இருக்கிற பெண்கள் எல்லோரும் அந்த ஒரு கேள்வியில் புள்ளி இழந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எங்களுடைய மரியாதையை இவர்களுடைய அளவுகோல் நோய் என்று எழுதுகிறதே என்ற கோபம். உடனே படிவத்தில் ஒரு விதியை நானே சேர்த்தேன்: கணவரின் பெயரைச் சொல்ல மறுத்தால் அது வழக்கம், சரியான பதில் என்று கொண்டு புள்ளி கொடுக்க வேண்டும். பேராசிரியருக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இதை உங்களைப் போன்ற ஒருவரால்தான் கண்டுபிடித்திருக்க முடியும் என்று புகழ்ந்திருந்தார். அந்தக் கடிதத்தை அக்காவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். தலைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்துதான் திரிந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களை நான் மாமா, மாமி என்று கூப்பிடுவேன். இரத்த உறவில்லை, ஊர் முறை. மாமா வெங்காயமும் மிளகாயும் வைக்கிற தோட்டக்காரர். இரண்டு மகன்களும் கனடாவில். மாமிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நல்ல கைவேலைக்காரி. அவர் வைக்கிற மீன் குழம்பின் வாசம் வேலியைத் தாண்டி வந்தால் அக்கா வெறும் சோற்றோடு பொட்டுக்குள்ளால் போய்விடுவாள்.

தொண்ணூற்றுநாலில் ஒருநாள் பின்னேரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். அவரோ மாமாவின் தடித்த துவாயைத் தோளைச் சுற்றிப் போர்த்திருந்தார்.

"பிள்ளை, உங்களோடை ஒரு விஷயம் கதைக்கோணும்" என்றார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. சளி, தடிமன் என்று நினைத்தேன்.

நான் அப்போது நல்ல நினைவோடு இருக்கிற பெண்கள் இன்னும் சிலர் கிடைக்காமல் அந்தரப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமியைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம். "கதைப்பம் மாமி. முதல் எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. கொஞ்சக் கேள்வி, ஒரு துளி ரத்தம்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை அவர்.

"இண்டைக்கு என்ன திகதி மாமி?"

"திகதியை ஆர் பிள்ளை பாக்கினம்? செவ்வாய்க்கிழமையெல்லே?"

அன்றைக்கு வியாழன். பேப்பரும் றேடியோவும் ஒழுங்காக இல்லாத ஊரில் எனக்கே கிழமை பிசகும். அரைப் புள்ளி போட்டேன். மூன்று பொருளில் ஒன்றைத்தான் திருப்பிச் சொன்னார். ஷெல் சத்தம் கேட்டபடி இருக்கிற ஊரில் யாருக்குத்தான் மனம் ஒரு இடத்தில் நிற்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஏழாவது கேள்வி வந்தது.

"மாமாவின்ரை பேர் என்ன?"

மாமி என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே பதில் தெரிந்த கேள்வியல்லவா? மாமியும் துவாயின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அதை என்னண்டு பிள்ளை வாயாலை சொல்லுறது?"

"சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு முழுப் புள்ளி" என்று என் விதியைப் பெருமையோடு எழுதினேன். பிறகு இரத்தம் எடுத்தேன். கை குளிர்ந்து, தோல் காய்ந்துபோய், நரம்பைத் தேடிப் பிடிக்க நேரம் எடுத்தது. குழாயில் முப்பத்தொன்று என்று ஒட்டினேன்.

அவர் எழும்பும்போதுதான் ஞாபகம் வந்து, "என்னவோ கதைக்கோணும் எண்டீங்கள் மாமி?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை பிள்ளை. நீங்கள்தான் முழுப் புள்ளி எண்டிட்டியளே" என்று சொல்லிவிட்டு, வந்ததுபோல மெல்லப் போனார்.

அதன் பிறகு அக்கா ஒருநாள் சொன்னாள். "மாமிக்கு என்னவோ செய்யுது. ஒரே கதையை விடிய ஒருக்கால் சொன்னவ, மத்தியானமும் வந்து சொல்லுறா. குழம்பிலை உப்பு ரெண்டு தரம் போட்டிருக்கிறா." நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவ என்ரை சோதனையிலை பாஸ் பண்ணினவ" என்றேன். அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பியிருப்பாள்.

மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. கிடைப்பதை நாடாவை நனைக்கிற அளவுக்குத்தான் விளக்குக்கு விடுவோம். ஒரு தரம் பிரிட்ஜின் திரி அணைகிற நிலைமை வந்தது. அக்கா வேலிக்கு அருகில் நின்று யாருடனோ அதைச் சொன்னது மாமாவின் காதில் விழுந்திருக்கிறது. அடுத்த நாள் விடியப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார், கையில் ஒரு கலன்.

"தோட்டத்து மிசினுக்கு எடுத்து வைச்சது பிள்ளை. ஒருநாள் தண்ணி இறைக்காட்டி வெங்காயம் செத்துப் போகாது. உங்கடை ஆராய்ச்சி கெட்டுப் போனால் பிறகு செய்யேலாதெல்லே."

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது வந்து தந்தார். என்ன ஆராய்ச்சி என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஊர்ப் பெண்களுக்கு நல்லது செய்கிற ஏதோ ஒன்று என்று எண்ணியிருந்தார். அவருடைய மனைவியின் இரத்தம் கெடாமல் குளிர்ந்திருந்தது அவருடைய மண்ணெண்ணெயில்தான். அதற்குள் இருந்த பதிலைப் பார்க்க வேண்டிய நான் மற்றதையெல்லாம் பார்த்தேன்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை சில மாதம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் குழாய்களை ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்குகளில் அடைத்து, நம்பிக்கையான ஒருவரின் கையில் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கே ஆய்வுகூடத்தில் இருந்தவள் என்னோடு படித்த சிநேகிதி. திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டதால் முடிவுகள் வந்து சேர ஆடி மாதம் ஆகிவிட்டது. வள்ளத்தில் வந்த ஒருவர் பல தரம் மடித்த, ஈரமாகிப்போன தாள்களைக் கொண்டுவந்து தந்தார்.

நான் கேட்டிருந்த பெண் ஓமோனோடு, சிநேகிதி தைரொயிட் ஓமோனையும் பார்த்திருந்தாள். கழுத்தில் இருக்கிற அந்தச் சுரப்பி வேலை செய்யாமல் விட்டாலும் மறதி வரும். மூளை தேய்ந்ததுபோலவே தோன்றும். ஒரு வித்தியாசம், அதற்கு மருந்து இருக்கிறது. தினமும் ஒரு சின்னக் குளிசை போட்டால் ஆள் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் கலந்திருந்தால் என் கணக்குக் குழம்பும் என்றுதான் அதைப் பார்த்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றைத் தவிர. நல்ல நினைவுள்ளவர்கள் பக்கத்தில் முப்பத்தொன்றாம் இலக்கத்துக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்தாள்: "தைரொயிட் படுத்தே விட்டது. யார் இவ? ஆளை உடனே பார்."

நான் என்ன செய்தேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். சிவப்புப் பேனையை எடுத்து முப்பத்தொன்றைக் குறுக்கே வெட்டினேன். ஒரு ஆள் குறைந்துவிட்டதே என்று எரிச்சல் பட்டேன். பிறகு அடுத்த வரிக்குப் போனேன்.

கொப்பி கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. மேசையிலிருந்து பத்து எட்டு வைத்தால் எடுக்கலாம். முடிவெழுதும்வரை திறக்கக் கூடாது என்ற விதி எனக்கு நல்ல வசதியாக இருந்தது. கட்டுரையை முடித்து வெளியே போகிற ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதற்குள் எத்தனை எழுத்து, எத்தனை அட்டவணை! அடுத்த கிழமை பார்ப்போம் என்று தட்டிக் கழித்தேன். அந்த இலக்கம் யாரென்று உண்மையில் எனக்குத் தெரியாதா? குளிர்ந்த கை, தடித்த குரல், வெயிலில் போர்த்த துவாய் எல்லாம் என் கண்ணால் கண்டவை. உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தால் எழும்பிப் போக வேண்டும் என்பதால்தான் யோசிக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

புரட்டாதியில் மாமா பொட்டடியில் நின்று கூப்பிட்டார். கையில் கலன் இல்லை. அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தது அது ஒரு தரம்தான்.

"பிள்ளை, மாமி இப்ப ஒருமாதிரி. சந்தைக்கெண்டு போறா, பாதியிலை திரும்பி வீட்டை வாறா. நான் பின்னாலை போய்த் தேட வேண்டிக் கிடக்கு. நேரம் கிடைச்சால் ஒருக்கால் பாருங்கோவன்."

"இந்தக் கட்டுரை முடியட்டும் மாமா. ஆறுதலா வந்து பாக்கிறன்."

"ஓம் ஓம், உங்கடை வேலை முடியட்டும்" என்று சொல்லி, என்னைத் தொந்தரவு செய்துவிட்டவர் மாதிரி அவசரமாகத் திரும்பிப் போனார்.

கட்டுரை முடிந்தது. ஐப்பசி பிறந்தது. ஷெல் எங்கள் பக்கத்துக்கு வரத் தொடங்கியது. பிறகு எல்லோரும் எங்கள் ஊர் இருந்த வலிகாமப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழைக்குள் அத்தனை சனமும் ஒரே றோட்டில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவதில்லை. நானும் அக்காவும் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். சைக்கிளின் பின்னால் நான் கட்டியிருந்தது என் றங்குப்பெட்டி. அக்கா தன் கலியாணச் சேலையைக்கூட விட்டுவிட்டு வந்தாள். அயல் வீட்டை எட்டிப் பார்க்க எங்களுக்கு அவகாசம் இருக்கவில்லை என்று எழுத விரல் போகிறது. இருந்தது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். வகுப்பறை ஒன்றில் மூன்று குடும்பம். டொக்டர் என்று தெரிந்ததும் ஒரு நீள மர வாங்கைப் போட்டு என்னை உட்கார்த்திவிட்டார்கள். காய்ச்சல், வயிற்றோட்டம், கால் புண் என்று வரிசை. முற்றத்தில் ஒருவர் ஒலிபெருக்கியோடு நின்று, தவறிப்போனவர்களின் பெயர்களை நாள் முழுக்கக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் காலை அவர் என்னிடம் வந்தார்.

"டொக்டர், ஒரு அம்மாவை ஒருக்கால் பாருங்கோ. ரெண்டு நாளாத் தனிய இருக்கிறா. புருஷன்ரை பேரைச் சொன்னால் கூப்பிடலாம். ஆம்பிளையளுக்கு முன்னாலை சொல்ல வெக்கப்படுறா. பழைய ஆக்கள்தானே. நீங்கள் கேட்டால் சொல்லுவா."

பின்புற மரத்தடியில் யாரோ கொடுத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு மாமி இருந்தார். கண் இமைகள் வீங்கியிருந்தன. புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்திருந்தது. "என்னைத் தெரியுதே மாமி?" என்று கேட்டேன். "தெரியாமல் என்ன, டொக்குத்தரெல்லே" என்றார். என் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் சொன்னார்.

இருந்தாலும் கேட்டேன். "மாமாவின்ரை பேர் என்ன மாமி?"

போர்வையின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதை என்னண்டு பிள்ளை வாயாலை சொல்லுறது?"

அதே சொற்கள். ஒலிபெருக்கிக்காரர் என் பக்கத்தில் நின்று, "நான் சொன்னனானெல்லே, வெக்கம்" என்று தலையாட்டினார். நான் கீழே உட்கார்ந்து மாமியின் காலை மடியில் வைத்து, குதிகாலுக்கு மேலே தசைநாரில் விரலால் தட்டினேன். பாதம் துள்ளியது. பிறகு ஆற அமர, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தைரொயிட் படுத்துவிட்டதைக் காட்டும் அடையாளம் அது. இரண்டாம் வருட மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். கொப்பியின் ஓரங்கள் மழையில் ஊறியிருந்தன. முப்பத்தொன்றுக்கு நேரே என் கையெழுத்தில் மாமியின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. அக்கா வந்து என்ன நடந்தது என்று உலுப்பினாள்.

மாமாவின் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதி ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பிறகு உரும்பிராயைச் சேர்ந்த ஒருவர் வந்தார். பாலத்தடியில் மாமாவைக் கண்டிருக்கிறார்.

"நெரிசலிலை மனுசியின்ரை கையை விட்டிட்டாராம். 'அவ வழக்கம்போலைத் திரும்பி வீட்டைதான் போயிருப்பா, போய்க் கூட்டிக்கொண்டு வாறன்' எண்டு எல்லாரும் வாற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர். நாங்கள் போகாதேங்கோ எண்டனாங்கள். கேக்கேல்லை."

அவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பக்கத்துப் பட்டணமான சாவகச்சேரியில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு போத்தல் தைரொக்சின் குளிசை கண்டுபிடித்தேன். ஒரு குளிசையை நாலாக உடைத்து, முதலில் கால் துண்டு, பிறகு பாதி, பிறகு முழுதாகக் கொடுத்தேன். மாமியை எங்களோடு வைத்துக்கொண்டோம். அக்கா கஞ்சி பருக்கினாள், தலை வாரி இழுத்துவிட்டாள். நான் ஒவ்வொரு காலையும் குளிசையோடு போவேன். குணமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். குணமாகிவிடுவாரே என்றும் பயந்தேன். நினைவு இல்லாதவரை அவர் எதையும் தேடவில்லை.

மார்கழியில் போர்வையைக் கழற்றினார். குரல் மெலிந்தது. அக்காவின் குழம்புக்குப் புளி காணாது என்று சொன்னார், அக்கா அழுதுவிட்டாள். திருவெம்பாவைக் காலம் முடிகிற நேரம் ஒரு காலை, குளிசையை வாங்கி விழுங்கிவிட்டு, தண்ணீர்க் கோப்பையைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, இவர் எங்கை?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவில், பாலம்வரைக்கும், சைக்கிள்வரைக்கும் சொன்னேன். மாமி கோப்பையை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் அடுத்த நாள்தான் எழும்பினார்.

காணாமல் போனவர்களின் பெயரைப் பதிய ஒரு மேசை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் நடந்து போனோம். மேசையில் இருந்தவர் தாளைப் பார்த்தபடியே, "கணவரின்ரை முழுப்பேர்?" என்றார். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு மாமாவின் பெயரைச் சொன்னார். தகப்பனின் பெயரோடு, தெளிவாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார். எழுதுகிறவருக்கு விளங்கவில்லை என்று இரண்டாம் தரமும் சொன்னார். அவருடைய வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான். வயதைச் சொன்னார், இடது முழங்கையில் இருந்த தழும்பைச் சொன்னார், போட்டிருந்த சேட்டின் நிறம் தனக்கு ஞாபகமில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

வந்த வழியே திரும்பி நடந்தோம். பள்ளிக்கூடம் தெரிகிற வளைவில் மாமி நின்றார்.

"அண்டைக்கு உங்கடை வீட்டிலை இதைத்தானே பிள்ளை என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"ஓம் மாமி."

"அண்டைக்கு எனக்கு அது வரேல்லை. வெக்கமில்லைப் பிள்ளை. எவ்வளவு தேடிப் பாத்தும் வரேல்லை. அவற்றை பேரே மறந்து போச்சுதே எண்டு பயந்து, அதைச் சொல்லத்தான் உங்களிட்டை வந்தனான். நீங்கள் சிரிச்சியள். அப்ப இது சிரிக்கிற விஷயமாக்கும் எண்டு நானும் சிரிச்சன்."

ஆடியில் வந்த தாளைப் பற்றி, அதில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பற்றி, சிவப்புப் பேனையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. மாமி என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்தக் கைகள் இப்போது சூடாக இருந்தன.

"ஆனாலும் நீங்கள்தானே கண்டுபிடிச்சுக் குளிசை தந்து என்னைத் திருப்பி எடுத்தனீங்கள்" என்றார்.

"ஓம் மாமி" என்றேன்.